நிர்வாகச் செலவை வைத்து எடை போடாதீர்கள்

எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பலாம் என்று யாராவது கேட்டால், "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பார்" என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஓரிடத்தில் ஊர்வரை சாலை இருக்கும், இன்னோரிடத்தில் படகில்தான் போக வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அப்புறம் அந்தச் சதவீதத்தை ஒப்பிட்டு என்ன பயன்?

என் எண்ணத்தை மாற்றியது வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1980 முதல் பத்து வருஷம் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். சில நாள் கழித்து வேறொருவர் அதே ஊருக்குப் போய், சில தாய்மாரிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். அப்படியும் பல வீடுகளில் கரைசலைக் கலக்கவே இல்லை என்று தெரிந்ததும் காரணத்தைத் தேடினார்கள். சொல்லிக்கொடுத்த ஊழியர்கள் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை! முதலில் அவர்களுக்குப் புரியவைத்தார்கள். இப்படிப் போய்ச் சரிபார்ப்பவர்களின் சம்பளத்தைத்தான் நாம் வீண்செலவு என்று கழிக்கிறோம்.

நேர்மாறாக, தென்னாப்பிரிக்காவில் உருவான பிளேபம்ப். பிள்ளைகள் ராட்டினம் சுற்ற, நிலத்தடி நீர் மேலே வரும். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு, 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் கொடுப்பதாக அறிவித்தார்கள். பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் அந்தப் பாரமான சக்கரத்தைச் சுற்றியது பெண்கள். பழைய கைப்பம்பே போதும் என்று சொன்ன ஊர்கள் உண்டு. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

அதனால் இப்போது நான் முதலில் தேடுவது, "எங்களுக்கு இது பலிக்கவில்லை" என்று தொண்டு நிறுவனத்தாரே எங்காவது எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான். தொண்டு நிறுவனமான எவிடென்ஸ் ஆக்‌ஷன் எழுதியது. வடக்கு வங்காளதேசத்தில் வேலை கிடைக்காத மாதங்களில் ஏழைக் குடும்பங்களிலிருந்து ஒருவர் வெளியூர் போய்ச் சம்பாதிக்கப் பயணச் செலவுக்குக் கடன் கொடுத்தார்கள். சிறிய அளவில் செய்தபோது நல்ல பலன். 2017-இல் பெரிதாக்கி அளந்து பார்த்தால், எதிர்பார்த்த பலனைக் காணோம். அதை வெளிப்படையாகச் சொல்லி, 2019-இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் என் பணத்தை நம்பிக் கொடுப்பேன்.