சைக்கிள் என்ஜின் கிளட்ச்: கிரீஸ் கொடுத்த தொல்லை

கிளட்ச் வழுக்குகிறது என்று மெக்கானிக்கிடம் விட்டேன். முன்னைவிட நன்றாக வழுக்கிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. சைக்கிளில் டூ ஸ்ட்ரோக் என்ஜின் கிட் மாட்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், புது பேடுக்கு, அதாவது கிளட்சுக்குள் உரசிப் பிடிக்கிற கட்டைக்கு, காசு கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

எங்களுடையது 80 சிசி என்று சொல்லி விற்கிற ரகம். போர் (சிலிண்டர் விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 38 மி.மீ., கணக்குப் போட்டுப் பார்த்தால் 66தான் வரும். மதுராந்தகம் பக்கம் மாமனாரின் தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. 25 சிசியைத் தாண்டினாலே சட்டப்படி அது மோட்டார் வாகனம், பதிவு வேண்டும். நாம் வீட்டில் என்ஜின் மாட்டிய வண்டிக்கு யார் நம்பர் தருவார்கள்? அதனால் ரோட்டுக்கு எடுப்பதில்லை.

கோளாறு இப்படி ஆரம்பித்தது. மிதித்து வேகம் எடுத்து லீவரை விட்டால் என்ஜின் சுற்றிப் பற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிள் பாட்டுக்குப் போனது, என்ஜின் அசையவில்லை. எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும், தேங்காய் மூட்டையோடு வரப்பு மேட்டில் ஏறினால் என்ஜின் கத்தும், வண்டி நகராது. கருகல் வாடை வேறு.

மெக்கானிக் ஒரே பார்வையில் "பேட் போச்சு சார்" என்றார். போயிருந்தது உண்மைதான். ஆனால் ஏன் போனது என்று அவர் பார்க்கவில்லை. புது பேட் போட்டார், உள்ளே கிரீஸை அள்ளி அப்பினார், கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினார். கேட்டால், "பைக்ல இழுத்துதான் சார் வைப்போம்" என்றார். பைக்கிலும் யாரும் அப்படி வைக்கக் கூடாது என்று வாய் வரை வந்தது. கூலி கொடுத்துவிட்டு வந்தேன்.

கேபிளை இழுத்தால் கிளட்ச் விடும், தளர்த்தினால் பிடிக்கும். லீவரைத் தொடாதபோதும் கேபிள் விறைப்பாக இருந்தால், உள்ளே இருக்கிற தள்ளுகம்பி அழுத்தத் தகட்டை எந்நேரமும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பேட் அரைப்பிடியில் உரசும், சூடேறும், தேயும். பழைய பேட் போனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், கேபிள் முன்பும் விறைப்பாகத்தான் இருந்தது. லீவரை விட்டபிறகு என்ஜின் பக்கத்தில் கேபிள் மாட்டியிருக்கிற ஆர்மைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பேனர் தேவையில்லை, காசும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

அடுத்தது கிரீஸ். இது உலர் கிளட்ச், பேடில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. ஆனால் அதே கவருக்குள் பல்சக்கரங்களும் இருக்கின்றன, அவற்றுக்குக் கிரீஸ் வேண்டும். வேண்டும் என்றால் பல்லில் விரல்நுனியால் தடவுகிற அளவு. அள்ளி வைத்தால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் எல்லாம் பேடுக்குத் தெறிக்கும். நான் திறந்தபோது புது பேட் கறுத்து, கண்ணாடியாய் மின்னியது.

திறப்பதே பெரும்பாடு. வலது கவரின் ஸ்டார் ஸ்குரூக்கள் மட்டமான உலோகம், மெக்கானிக் ஏற்கெனவே தலைகளை மழுக்கி வைத்திருந்தார். ஸ்குரூடிரைவரை வைத்து மேலே சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் பெரும்பாலும் இளகும். மறுபடி அதே ஸ்குரூவைப் போடாதீர்கள். ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் ஹார்டுவேர் கடையில் அதே அளவு ஆலன் போல்ட் வாங்கிவிடுங்கள்.

நடுவில் இருக்கிற, பூ மாதிரி ஓரம் வெட்டிய நட்டின் (பூ நட்டு) ஓரத்தில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், நட்டுக்கு அதுதான் பூட்டு. லீவரை அழுத்தி, பிடியில் உள்ள பட்டனால் லாக் செய்துவிட்டு இதைக் கழற்றினால் நட்டும் தகடும் எளிதாக வரும்.

மாற்று பேட் தேடி ஒரு நடை சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போனேன். வெட்டி அலைச்சல். ஒரு கடைக்காரர் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பிஸ்கட் மாதிரி கீது?" என்றார். இன்னொருவர் பிரேக் லைனிங்கை வெட்டித் தருகிறேன் என்றார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் பேட் வாங்கவே தேவைப்படவில்லை. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, 120 நம்பர் உப்புத்தாளைச் சமமான பலகையில் வைத்துத் தேய்த்ததும் சொரசொரப்பு திரும்பிவிட்டது. தகட்டின் முகத்தையும் அதே தாளால் லேசாகத் தேய்த்தேன்.

இடது பக்கம் செயின் பல்சக்கரக் கவரையும் கழற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்முக்குப் பின்னால் ஒரு குட்டைக் கம்பியும், அதற்கும் நீளமான தள்ளுகம்பிக்கும் நடுவில் 8 மி.மீ. பால்ஸ் (இரும்புக் குண்டு) ஒன்றும் இருக்கும். தோப்பு மண்ணில் அது விழுந்தால் கதை முடிந்தது, அது இல்லாமல் கிளட்ச் விடவே விடாது. கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது பால்ஸில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நழுவாமல் ஒட்டி நிற்கும். கிரீஸுக்கு இங்கே வேலை உண்டு!

பூட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ். பூ நட்டை மட்டும் அவசரப்படாமல் ஒவ்வொரு பள்ளமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். லீவரை விட்டால் முழுசாகப் பிடிக்க வேண்டும், அழுத்தினால் பின்சக்கரம் தடையில்லாமல் உருள வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் குட்டி ஸ்குரூவை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் நட்டு ஓட ஓடக் கழன்றுவிடும்.

இப்போது மூன்று மிதி, லீவரை விட்டால் பட்டென்று பிடிக்கிறது. அதே மூட்டையோடு அதே மேட்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "நான் போட்ட பேடுதானே சார் ஓடுது?" என்கிறார்.