20 சென்ரிமீற்றர் தண்ணீரில் விழுந்த எர்ரர்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் நகருக்கு இரண்டு தரம் பஸ் ஏறி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்திருக்கிறேன். பைதன் நிரலில் பைட்ஸை (0 முதல் 255 வரையான எண்களாக வரும் தரவை) ஹெக்ஸாக (ஒவ்வொரு பைட்டையும் 0–9, ஏ–எஃப் கொண்டு இரண்டு இலக்கத்தில் எழுதும் 16-அடி எண்ணாக) மாற்றப் போகிறவர்கள் என்னைப்போல் மினக்கெட வேண்டாம்.

மாமாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு மொட்பஸ் (அளவீட்டைப் பைட்டுகளாக அனுப்பும் ஒரு முறை) நீர்மட்ட சென்சர் வாங்கினோம். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் தண்ணீர் உவராகிவிடும். மோட்டரை எப்போது நிறுத்துவது என்று தெரியவேண்டும். வயரிங், பைசீரியல் (சென்சர் அனுப்புவதைப் பைதனில் வாசிக்க உதவும் லைப்ரரி) எல்லாம் அரை மணித்தியால வேலை.

முதலில் வாளியில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வரவேண்டியது 7 பைட்: 01 03 02 00 0ஏ 38 43. பிரிண்ட் செய்தால் கடைசி மூன்றும் 'பேக்ஸ்லாஷ் என்', '8', 'சி' என்று நின்றன. எழுத்தாகக் காட்டக்கூடிய பைட்டைப் பைதன் எழுத்தாகவே காட்டும்; 38 என்பது '8', 43 என்பது 'சி', 0ஏ புதுவரி. அது அப்போது எனக்கு விளங்கவில்லை. பைட்ஸை டிகோட் செய்து ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆக்கினேன். ஸ்ட்ரிங்குக்கு ஹெக்ஸ் மெதட் (ஹெக்ஸாக மாற்றும் கட்டளை) கிடையாது என்றதும் திரும்ப என்கோட் செய்து, அதாவது பைட்ஸாக்கி, ஹெக்ஸ் எடுத்தேன். சரியாக வந்தது.

தண்ணீரை 20 ஆக்கினேன். யூனிகோட் டிகோட் எர்ரர்: 5ஆம் இடத்தில் பி8, செல்லாத தொடக்க பைட். தண்ணீரைக் குறைத்தால் ஓடுகிறது, கூட்டினால் விழுகிறது. டிகோடை லத்தீன்-1க்கு (ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்ற குறியீட்டு முறைக்கு) மாற்றியதும் எர்ரர் போனது, ஆனால் 7 பைட் 8 ஆனது, சீஆர்சி (பிழை பார்க்கக் கடைசியில் வரும் இரண்டு பைட்) பொருந்தவில்லை. ஆழம் கூடினால் சென்சர் குப்பை அனுப்புகிறது என்று முடிவுகட்டி, சென்சர் வாங்கிய யாழ்ப்பாணக் கடைக்கு வெளிக்கிட்டேன்.

முதல் நாள் பில் கையில் இல்லை. "பில் இல்லாமல் தொடமாட்டம் தம்பி." மறுநாள் பில்லோடு போனேன். "எங்கட சாமான் பிழைக்காது, உங்கட கொம்பியூட்டரைப் பாருங்கோ." ஒருக்கால் உங்கட கன்வேர்ட்டரில் கொழுவிப் பாருங்கோ அண்ணை என்று கெஞ்சினேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஐந்து நிமிடம் கொழுவிப் பார்த்திருந்தால் சென்சர்மேல் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். இன்னும் மனம் ஆறவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கொப்பியில் எழுதிவைத்த எட்டு பைட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பி8 இருக்கவேண்டிய இடத்தில் சி2 பி8. லத்தீன்-1இல் டிகோட் செய்த நான், என்கோடுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் பைதன் 3 யூடிஎஃப்-8 என்ற வேறு குறியீட்டு முறையை எடுக்கும். யூடிஎஃப்-8, ஹெக்ஸில் 80உம் அதற்கு மேலும் உள்ள பைட்டுக்குரிய லத்தீன்-1 எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டாக எழுதும். கூடுதல் பைட்டைப் போட்டது என் வரிதான்.

வீட்டுக்கு வந்ததும் டிகோட், என்கோட் இரண்டையும் அழித்தேன். பைட்ஸிலேயே நேராக ஹெக்ஸ் மெதட்: 01 03 02 00 14 பி8 4பி. 14 என்றால் 20. எழும்பி நின்று கத்தினேன், அம்மா ஓடி வந்தா.

இந்த மெதட் பைதன் 3.5இலிருந்து உண்டு, இடைவெளி விட்டு அச்சிடும் வசதி 3.8இலிருந்து. பழைய விடைகளில் வரும், என்கோடுக்குள் 'ஹெக்ஸ்' என்று கொடுக்கும் முறை பைதன் 2க்குரியது. 3இல் லுக்கப் எர்ரர்தான் வரும். பைதனோடு வரும் ஹெக்ஸ்லிஃபை என்ற ஃபங்ஷனும் வேலை செய்யும், ஆனால் திருப்பித் தருவதும் பைட்ஸ். தனியாக உள்ள ஹெக்ஸ் ஃபங்ஷனை ஒவ்வொரு பைட்டுக்கும் போட்டு, முன்னொட்டு '0எக்ஸ்'ஐ வெட்டி ஒட்டவே வேண்டாம்: முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். வாளியின் முதல் அளவீட்டுக்கு 14 இலக்கம் வரவேண்டிய இடத்தில் 9தான் வரும்.

லத்தீன்-1 ஸ்ட்ரிங்காகச் சேமித்த ஃபைல் ஒன்றும் இருந்தது. யூடிஎஃப்-8இல் திறந்து, லத்தீன்-1இல் என்கோட் செய்ததும் 20 சென்ரிமீற்றர் அளவீடுகள் ஏழு ஏழு பைட்டாகத் திரும்பி வந்தன. 10 சென்ரிமீற்றர் அளவீடுகளில் மட்டும் 0ஏ வந்த இடத்தில் வரி முறிந்திருந்தது. அவற்றைக் கையால் ஒட்டி முடிக்க இரவு ஒரு மணி.