எல்விஎம்: ரூட்டைப் பெருக்கி, ஹோமைச் சுருக்கியபோது

எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு, தேவைப்படி அளவை மாற்ற உதவும் அமைப்பு. ரூட் என்பது சிஸ்டம் இருக்கும் பகுதி, ஹோம் என்பது பயனர்களின் ஃபைல்கள் இருக்கும் பகுதி. லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினியின் டிஸ்க் 40 ஜிபியிலிருந்து 60 ஆயிற்று. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை 60 என்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் அளவைக் காட்டும் டிஎஃப் பழைய அளவிலேயே நிற்கிறது. நடுவில் பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரு துண்டு), பிசிக்கல் வால்யூம் (எல்விஎம்மிடம் ஒப்படைத்த இடம்), லாஜிக்கல் வால்யூம் (அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதி), ஃபைல் சிஸ்டம் என்று நான்கு அடுக்கு. எதுவும் தானாகப் பெருகாது. பெருக்குவது கீழிருந்து மேலே, சுருக்குவது மேலிருந்து கீழே.

முதலில் பார்ட்டிஷனைப் பெருக்கும் குரோபார்ட். டிஸ்க் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். 'நோசேஞ்ச்' என்று வந்தால், பெரும்பாலும் பார்ட்டிஷனுக்கு அடுத்து காலி இடம் இல்லை, ஸ்வாப் பார்ட்டிஷன் ஏதாவது குறுக்கே உட்கார்ந்திருக்கும். அடுத்தது பிசிக்கல் வால்யூமைப் பெருக்கும் பிவிரீசைஸ். எல்விஎம்மின் மொத்த இடத்தையும் காலி இடத்தையும் காட்டும் விஜிஎஸ் போட்டு காலி இடம் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாஜிக்கல் வால்யூமைப் பெருக்கும் எல்விஎக்ஸ்டெண்டை சின்ன ஆர் ஆப்ஷனுடன் கொடுத்தால் அதிலுள்ள ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டமும் கூடவே பெருகிவிடும். ரூட் மவுண்ட் ஆகி, பயன்பாட்டில் இருக்கும்போதே இவ்வளவும் முடியும், ரீபூட் தேவையில்லை.

ஹோமை 20 ஜிபியிலிருந்து 12 ஆக்குவதுதான் கை நடுங்கும் வேலை. பேக்கப் இல்லாமல் தொடவே கூடாது. ஈஎக்ஸ்டி4-ஐச் சுருக்க அன்மவுண்ட் செய்தாக வேண்டும். 'பிஸி' என்று மறுத்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எஃப்யூசர் சொல்லும். பிறகு எஃப் ஆப்ஷனுடன், ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே. அது ஓடாமல், ஃபைல் சிஸ்டத்தின் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் நகராது. ஃபைல் சிஸ்டத்தை 12-க்கு அல்ல, 11-க்குச் சுருக்கி, வால்யூமை 12-க்கு வெட்டி, கடைசியில் அளவு சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை இன்னொரு முறை ஓட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். அந்த ஒரு ஜிபி, வெட்டு ஃபைல் சிஸ்டத்தின் வாலில் விழாமல் காக்கிறது.

வால்யூமை வெட்டும் எல்விரெட்யூஸில் கழித்தல் குறிதான் வில்லன்: '-8ஜி' என்றால் 8 குறையும், வெறும் '8ஜி' என்றால் 8-க்கே குறைந்துவிடும். தப்பாக வெட்டிவிட்டால் எதையும் மவுண்ட் செய்யாமல், எழுதாமல் நிறுத்துங்கள். எட்சி டைரக்டரிக்குள் எல்விஎம் ஆர்க்கைவில் பழைய மெட்டாடேட்டா, அதாவது எந்த வால்யூம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், இருக்கும். விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் அதைத் திருப்பி வைக்கும். டேட்டா அதே இடத்தில்தான் கிடக்கிறது, வரைபடம் மட்டுமே மாறியது.

விடுபட்ட 8 ஜிபி, தலா 4 எம்பி வீதம் 2048 எக்ஸ்டெண்டுகளாக (எல்விஎம் இடத்தைப் பங்கிடும் துண்டுகள்) விஜிடிஸ்ப்ளேயில் தெரிந்தது. அதுவும் ரூட்டுக்கே போயிற்று. ஹோம், இப்படிச் சுருக்க இடம் தராத எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமாக இருந்திருந்தால் இந்த வழி கிடையாது: பேக்கப் எடுத்து, சின்ன வால்யூமில் புதிதாக ஃபார்மேட் செய்து, டேட்டாவைத் திருப்பி ஊற்ற வேண்டியதுதான்.