அடித்தகட்டில் இருந்த 1977

சென்ற தை மாதம் ஆற்காட்டில் ஒரு காயலான் கடையில், பழைய பித்தளைக் குழாய்களுக்கு அடியில் கிடந்த ஒரு பை நிறைய பொம்மைக் கார்களைக் கண்டேன். "எடையில போடட்டுமா தம்பி, எண்ணிக்கையில போடட்டுமா?" என்று பெரியவர் கேட்டார். ஒன்று இருபது ரூபாய் வீதம் பதினொன்றை 220 ரூபாய்க்கு வாங்கி, அன்று மாலையே சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் பரப்பி வைத்தேன். சேகரிப்பும் விற்பனையும் எனக்கு அப்படித்தான் தொடங்கின.

அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் என்ற பெயரில் வெளியிடும் பொம்மைக் கார்களில் ஒன்றான ஹாட் பேர்டு. அதன் அடித்தகட்டில் மேட்டல், 1977, மலேசியா என்று இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்த கார் கிடைத்துவிட்டது என்ற பூரிப்பில், 1500 ரூபாய் என்று விலை குறித்துப் படம் போட்டேன். சென்னையிலிருந்து ஒருவர் அடித்தகட்டின் படத்தைக் கேட்டார், அனுப்பினேன். "அண்ணா, அது அந்த வடிவத்துக்கு காப்பிரைட் எடுத்த வருஷம். இந்த வண்டி செஞ்ச வருஷம் இல்ல" என்று பதில் வந்தது. ஒரே வார்ப்பைப் பல ஆண்டுகள், வெவ்வேறு வண்ணத்திலும் சக்கரத்திலும் வெளியிடுவது அந்நிறுவனத்தின் வழக்கம் என்பதையும், தகட்டின் ஆண்டு பெரும்பாலும் மாறாமல் அப்படியே நிற்கும் என்பதையும் அவமானப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காலத்தைக் கணிக்கச் சக்கரத்தின் வகை, செய்த நாடு, வண்ண அச்சு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்மைக் காலக் கார்களில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் சிறியதாக அச்சாகியிருக்கும். எழுத்து ஆண்டையும் இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால்தான் அது புலப்படும்.

இந்தப் பாடத்திற்குப் பிறகு மற்ற பத்தையும் கவிழ்த்துப் பார்த்தபோது, உரிந்த நீல வண்ணத்தோடு இருந்த ஒன்றில் 'மேடு இன் இந்தியா' என்ற எழுத்துகள் தெரிந்தன. லியோ என்ற இந்தியப் பொம்மை நிறுவனம் மேட்டலோடு சேர்ந்து நம் நாட்டிலேயே ஹாட் வீல்ஸ் தயாரித்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கார்களை வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள். வண்ணம் பூசிப் புதிதாக்கலாமா என்று கை அரித்தது; பூசியிருந்தால் மதிப்பே போயிருக்கும். சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பழைய பிரஷால் மட்டும் தேய்த்து, சக்கர அச்சில் சுற்றியிருந்த முடியை ஊசியால் எடுத்தேன். கீறல்களை மறைக்காமல் நான்கு பக்கமும் படமெடுத்துப் போட்டதில், அது 700 ரூபாய்க்குப் போயிற்று.

கடைகளில் அட்டையோடு தொங்கும் புதிய கார்களை வாங்கி விற்பது எனக்குச் சரிப்படவில்லை. வாங்குபவருக்கும் அதே விலையில் அவை கிடைக்கின்றன. ரப்பர் டயரும் TH என்ற குறியும் கொண்ட, மற்ற கார்களோடு அரிதாகக் கலந்து வரும் சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் வகைக் கார் அகப்பட்டால்தான் லாபம். நான் புரட்டிய அட்டைகளில் இதுவரை அகப்படவில்லை. போதாக்குறைக்கு, மாடி அறையில் வைத்த ஆறு அட்டைகள் வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வளைந்து, ஒன்றின் பிளாஸ்டிக் மூடி ஓரம் பசைவிட்டு எழும்பிவிட்டது. அட்டையில் இருக்கும் காருக்கு அட்டைதான் பாதி விலை. இப்போது அவை கீழ்வீட்டு மரப் பீரோவில், புடவைகளுக்கு அடுத்த தட்டில் நிற்கின்றன. வீட்டில் அதற்கு இன்னும் முழு ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஆற்காட்டுப் பையின் கணக்கு இது: லியோ கார் 700, உண்மையைச் சொல்லி விற்ற ஹாட் பேர்டு 100, வேறு இரண்டு தலா 75, ஆக வரவு 950. கார்கள் 220, அட்டைப்பெட்டியும் குமிழித்தாளும் 120, கூரியர் 160, ஆக செலவு 500. பெட்ரோலைச் சேர்க்காமல் மிச்சம் 450. மீதமுள்ள ஏழில் மூன்றுக்கு அச்சு வளைந்திருக்கிறது; சக்கரங்களுக்காக அவற்றை வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறன்று குடியாத்தம் பக்கம் இரண்டு காயலான் கடைகளைப் பார்க்கப் போகிறேன், இம்முறை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு.