ரவைத் தட்டும் 100 மணி நேரமும்: என் ஆர்டன்-கில்லிங்ஹாம் பயிற்சி

சென்னையில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் ஆர்டன்-கில்லிங்ஹாம் பயிற்சியில் சேர்ந்தேன். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் வடிவமைத்த, வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் கற்பிக்கும் முறை இது. அசோசியேட் என்ற சான்றிதழ் நிலைக்கு 60 மணி நேர வகுப்பு, அப்புறம் பயிற்றுநரின் மேற்பார்வையில் 100 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். பயிற்றுநர் அமெரிக்காவில் இருந்ததால் வகுப்பெல்லாம் ஆன்லைனில், ராத்திரியில்தான்.

வகுப்புகள் எனக்குச் சுலபமாகவே போயின. ஆறு வகை அசைகள், எழுத்துக்கூட்டு விதிகள். 'டக்' (duck) போலக் குறிலை ஒட்டி 'க்' ஒலியில் சொல் முடிந்தால் சி-கே (ck). 'மில்க்' (milk) போல நடுவில் இன்னொரு மெய் வந்தால் வெறும் கே (k). மனப்பாடம் செய் என்று நமக்குச் சொன்ன பலவற்றுக்கு இப்படிக் காரணம் இருக்கிறது.

பாடம் எடுக்கும்போதுதான் உண்மையான படிப்பு தொடங்கியது. என்னிடம் படித்த பையன் மூன்றாம் வகுப்பு. முதலில் அட்டையைக் காட்டுவேன், அவன் ஒலியைச் சொல்வான். பிறகு நான் ஒலியைச் சொல்வேன், அவன் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதுவான். கண், காது, கை மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்.

'பிக்' (big) என்று பெரியதைச் சொன்னால் பன்றியை (pig) எழுதுவான். பாடத்தின் பதிவைப் பார்த்த பயிற்றுநர் அதை ஒலி பிரித்தறியும் குறை என்று குறித்தார். தமிழில் b, p இரண்டுக்கும் ஒரே 'ப'தான், சொல்லின் முதலில் இந்த வேறுபாடே எங்களுக்குத் தேவைப்படுவதில்லை என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார். அடுத்த பாடத்தில் பையனைத் தொண்டையில் கை வைக்கச் சொன்னேன். b-க்கு ஒலிக்கும்போதே அதிர்கிறது, p-க்கு அப்படி இல்லை. "மிஸ், இது உறுமுது!" என்றான். அதன் பிறகு எழுதும் முன் அவனே கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கான அளவுகோலை நம் பிள்ளைகள் மேல் அப்படியே வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு மொழியின் பழக்கம் எது, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு எது என்று பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஆசிரியர்களால் முடியும். நம்மில் நிறையப் பேர் இதைக் கற்க வேண்டும்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நான் எடுக்கும் பாடத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை முறை? அதற்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.