பையருக்கு டாகுமெண்ட் அனுப்பும் மெயிலில் என்ன எழுதுவது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தூத்துக்குடியில் சரக்கு கப்பல் ஏறியதும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) காப்பி மூன்றையும் ஜெர்மனி பையருக்கு மெயில் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு "பி.எஃப்.ஏ." (ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்) என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம், கொஞ்சம் மரியாதை சேர்க்க நினைப்பவர்கள் "ஃபார் யுவர் கைண்ட் பெருசல்" என்று நீட்டுவார்கள். பையர் ஆபீஸில் கணக்கு பார்க்கும் அம்மா ஒருநாள் "பி.எஃப்.ஏ. என்றால் என்ன டாகுமெண்ட்?" என்று கேட்டே விட்டார்.

அதைக்கூட விடலாம். சரக்கு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜெண்ட் "பேக்கிங் லிஸ்ட் வரவே இல்லை" என்று எழுதினார். நாங்கள் அனுப்பியிருந்தோம். ஆனால் நம் மெயிலுக்கு ஒருவர் ரிப்ளை போட்டு, அதில் ஏஜெண்டையும் சேர்த்துவிட்டால் எழுத்து மட்டும்தான் போகும், ஃபைல் போகாது. ஃபார்வர்ட் செய்தால்தான் கூடவே போகும். ரிப்ளையாக வந்த மெயிலைத் திறப்பவருக்கு, உள்ளே என்னென்ன இருந்தது என்று சொல்ல நாம் எழுதிய வரி ஒன்றுதான் மிச்சம். அதிலும் மூன்று எழுத்துதான் இருந்தால் அவர் என்ன செய்வார்?

இப்போது நான் எழுதுவது இப்படி: "ஐ ஹேவ் அட்டாச்ட் தி கமர்ஷியல் இன்வாய்ஸ் அண்ட் பேக்கிங் லிஸ்ட் ஃபார் பி.ஓ. 4471. ப்ளீஸ் கன்ஃபர்ம் தி கார்ட்டன் கவுண்ட் பை ஃப்ரைடே." என்ன ஃபைல், எந்த ஆர்டர் (பி.ஓ. என்பது பர்ச்சேஸ் ஆர்டர்), பார்த்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், இது நான்கும் வந்துவிட்டால் போதும். "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்" தப்பில்லை, பழைய பாணி, அவ்வளவுதான். "அட்டாச்ட்" என்று தொடங்கினால் ஒரு ஃபைலுக்கு "இஸ்", பலவற்றுக்கு "ஆர்". "என்க்ளோஸ்ட்" கவருக்குள் வைப்பதற்கு, எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பேங்க் உத்தரவாதத்தில் பணம் வருவது) ஆர்டருக்கு ஒரிஜினல்களை பேங்க்கில் கொடுக்கும்போது கவரிங் லெட்டரில் அதுதான் பொருத்தம். இன்னொரு லாபம், "அட்டாச்ட்" என்று முழுதாக எழுதிவிட்டு ஃபைலை மறந்தால் ஜிமெயிலே அனுப்புவதற்கு முன் கேட்கும்.

இன்ஸ்பெக்ஷன் போட்டோக்கள்தான் பெரிய தொல்லை. ஜிமெயிலில் 25 எம்பி வரைதான், அதைத் தாண்டினால் தானாகவே டிரைவ் லிங்க் ஆகிவிடும். அப்போது "அட்டாச்ட்" என்று எழுதக்கூடாது, லிங்க் என்றே எழுதி, யார் திறக்க முடியும் என்ற அனுமதியையும் பார்த்துவிட வேண்டும். அந்தப் பக்க ஆள் "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்" அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரம் இங்கே நமக்கு ராத்திரி, பதில் சொல்ல ஆள் இருக்காது.

உள்ளூர் பிரிண்டிங் யூனிட்டுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்: "அண்ணா, ஆர்ட்வொர்க் இத்துடன் இணைத்துள்ளேன். ஸ்ட்ரைக் ஆஃப் எடுத்து வியாழனுக்குள் கொடுத்துவிடுங்கள்." (ஸ்ட்ரைக் ஆஃப் என்பது சோதனைக்கு அடித்துப் பார்க்கும் பிரிண்ட் மாதிரி.) அரசு அலுவலகத்துக்கு என்றால் கடிதத்தின் அடியில் "இணைப்பு:" என்று போட்டு எண் வரிசையில் எழுதுவார்களே, அதையே மெயிலிலும் செய்கிறேன். ஃபைல்கள் நாலைந்துக்கு மேல் போனால் ஜெர்மனிக்குப் போகும் மெயிலிலும் இப்போது அந்த வரிசை இருக்கிறது, ஏஜெண்ட் அதை வைத்தே டிக் அடித்துக்கொள்கிறார்.