அரிசி ஊரில் கோதம்பமா

யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரர் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "உனக்கென்ன, அங்க அரிசிச் சாப்பாடுதானே."

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் சிறுகுடலின் உட்சுவர் பழுதாகும்; சாப்பிட்டது உடம்பில் சேராது, ஆள் மெலியும். மருந்து இல்லை, காலம் முழுக்க விலக்கிச் சாப்பிடுவதுதான் வைத்தியம். கனடாவில் 2012 முதல் பொதி உணவில் குளூட்டன் எந்தத் தானியத்தால் வருகிறது என்று எழுதியே ஆகவேண்டும். கடையில் நின்று வாசித்தால் போதும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இங்கே கேட்காமல் ஒரு வாய் வைக்க முடியாது. அரிசிமாப் புட்டு என்று தருவதில் பல வீடுகளில் அவித்த கோதம்பமாவும், அதாவது கோதுமை மாவும், கலந்திருக்கும். இடியப்பமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உழுந்தோடு கோதம்பமா கரைப்பதும் வழக்கம். கப்பலில் வந்து திருகோணமலையில் அரைபடும் கோதுமை எல்லா அடுப்படிக்குள்ளும் போய்விட்டது.

"மாமி, இதுக்குள்ள கோதம்பமா போட்டனீங்களோ?" என்று வீட்டுக்கார மாமியைக் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, ஒரு சிறங்கைதான். அது போடாட்டி புட்டு பதமா வராது."

அந்தச் சிறங்கையே எனக்குக் கூடாது என்பதை மாமிக்கு விளங்கவைக்க நாள் எடுத்தது. சீனி வருத்தம் என்று நினைத்து, பாவம், குரக்கன் (கேழ்வரகு) புட்டு அவித்துத் தந்தார். அதிலும் கோதம்பமா! மெலிந்துபோனேன் என்று பார்த்தவர்கள் ஹோர்லிக்ஸ் குடி, மைலோ குடி என்றார்கள். ஒன்றில் கோதுமையும் பார்லியும், மற்றதில் பார்லி மோல்ட். சாப்பாட்டுக்கடை ஃபிரைட் ரைஸில் கோதுமை சேர்ந்த சோயா சோஸ், சாம்பாரில் மா கலந்த பெருங்காயம். இதெல்லாம் அரிசி ஊர்.

மெலிந்தது உண்மைதான். நோயால் இல்லை, சாப்பிட ஒன்றும் இல்லாததால். வேலையிடத்தில் பத்து மணித் தேத்தண்ணிக்கு றோல்ஸும் பற்றீஸும் வரும், நான் வெறுந்தேத்தண்ணி. மத்தியானம் சோறு வயிற்றை நிரப்பும், நாலு மணிக்குத் திரும்பப் பசிக்கும். சோற்றைக் கூட்டிப் பார்த்தேன், வயிறு ஊதியதே மிச்சம். மாச்சத்தில் கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்பில் ஒன்பது. கோப்பையைப் பெருப்பிக்காமல் எண்ணெயும் தேங்காயும் எள்ளும் கூட்டவேண்டியிருந்தது.

கைகொடுத்தது உழுத்தங்களி. பெரியபிள்ளையான பெண்களுக்குக் கொடுக்கும் சாமான் என்று மாமி முதலில் சிரித்தார். பிறகு அவரே கிண்டிக் காட்டினார். வறுத்து அரைத்த உழுத்தம்மாவும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பனங்கட்டி போட்டு, அடுப்பில் வைத்துக் கை எடுக்காமல் கிண்டவேண்டும். நல்லெண்ணெய் விடவிட, தாச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது கழன்று ஒரே திரளாக உருளும், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். எண்ணெய் மட்டுமே மேசைக்கரண்டிக்கு 120 கலோரி அளவில் வரும். மாவை மில்லில் கொடுப்பதில்லை. அதே மெஷினில் கோதுமையும் அரைபடலாம். வீட்டில் மிக்ஸியில் அரைத்து அரித்துக்கொள்கிறேன்.

ஞாயிறென்றால் ஒடியல் கூழ். ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு. ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணியை வடித்து, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுக் காய்ச்சினால் கோதுமை பற்றிய கேள்வியே இல்லை. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கிழங்கும் ராசவள்ளியும் வரும் காலத்தில் கோதுமைப் பாணை நினைப்பதுகூட இல்லை. நல்லூர்த் திருவிழாக் கச்சான் (நிலக்கடலை) பற்றிச் சொல்லவே வேண்டாம். கழன்று விழுந்த காற்சட்டைகள் இப்போது இடுப்பில் நிற்கின்றன.

இன்னும் கரைச்சல் கொழும்புப் பயணம்தான். இரவு பஸ் நிறுத்துகிற கடைகளில் ரொட்டி, கொத்து, றோல்ஸ். நடத்துநர் "இறங்கிச் சாப்பிடுங்கோ தம்பி" என்பார். நான் கதலி வாழைப்பழமும் எள்ளுருண்டையுமாக இருக்கையிலேயே இருந்துவிடுவேன்.